விசாரணை சார் விசாரித்த பள்ளிக்கூடம்

வெளிநாட்டில் வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால், கேட்பவர்கள் இப்போதெல்லாம் "விசாரணை சார்கிட்ட கேட்டியா?" என்கிறார்கள். துணிக்கடைக்கு மேலே மாடியில் இருக்கும் அந்த ஆங்கிலப் பயிற்சி நிலையத்துக்கு வந்து, மாணவர்களோடு மாணவர்களாகக் கடைசி வகுப்பறைக்கு வெளியே காத்திருக்கிறார்கள். அவர் விரலில் மார்க்கர் மையோடு வெளியே வருவார். எந்த நாடு, என்ன சம்பளம் என்றெல்லாம் கேட்கமாட்டார். முதலில் கேட்பது இதுதான்.

"உங்க வீட்ல இங்கிலீஷ் நல்லா பேசற இன்னொருத்தர் யாராச்சும் இருக்காங்களா?"

வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். வேலை எனக்கு, வீட்டில் இருப்பவர் எதற்கு என்று நினைப்பார்கள். அவர் பொறுமையாகச் சொல்வார்: அந்த இன்னொருவர், தானும் வேலை தேடுவதாகச் சொல்லி அதே பள்ளிக்குப் போன் போட வேண்டும். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டு வர வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் "அனுபவம்" என்று முடித்துவிடுவார். அனுபவமாவது ஒன்றாவது. வயிற்றெரிச்சல்தான். அதுவும் ஊரான் மேல் வந்ததில்லை, கட்டின மனைவி மேல் வந்தது. அவர் வாயால் அது வராது என்பதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவரும் மனைவியும் அந்த நிலையத்தில்தான் பாடம் நடத்தினார்கள். அவர் முதலில் சேர்ந்தவர். இலக்கணத்தில் புலி. லேட்டாக வரும் மாணவனை வாசலிலேயே நிறுத்தி, பஸ் எந்த ஸ்டாப்பில் நின்றது, டிரைவர் ஏன் நிறுத்தினார், மற்ற பயணிகள் என்ன செய்தார்கள் என்று குடைந்து எடுப்பார். 'விசாரணை சார்' என்ற பெயர் அப்படி வந்தது. மகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டில் சும்மா இருந்த மனைவியை முதலாளியிடம் அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். "கொஞ்ச நாள் என் கிளாஸ்ல உக்காந்து கத்துக்கட்டும் சார்" என்று பெரிய மனதோடு சொன்னார். அந்தப் பெரிய மனது ரொம்ப நாள் தாங்கவில்லை.

இரண்டு வகுப்பறைகளுக்கும் நடுவில் இருந்தது வெறும் பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் அவள் வகுப்பு சிரிக்கும். இந்தப் பக்கம் இவர் கடந்த கால வினைச்சொற்களைப் போர்டில் எழுதிக்கொண்டிருப்பார். சிரிப்பு வந்ததும் இவருடைய மாணவர்களின் கழுத்து தானாகத் தடுப்பைப் பார்த்துத் திரும்பும். அவளைப் பிள்ளைகள் 'சிரிப்பு டீச்சர்' என்றார்கள். வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண், புதிதாகச் சேர வருகிறவர்களிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வாள்: "டீச்சர் பேட்ச் ஃபுல்லுங்க. சார் பேட்ச்ல நெறைய எடம் இருக்கு." அந்த 'நெறைய' என்ற வார்த்தை அவர் காதில் விழாத நாளே கிடையாது.

சிரிக்க வைப்பது பாடமா என்று வீட்டில் ஒருநாள் கேட்டும் பார்த்தார். "பாடம் நடத்தறப்ப அதுங்க சிரிக்குது, நான் என்னங்க பண்றது?" என்றாள் அவள். சண்டை போடவும் தெரியாத பெண்.

அதனால்தான் அவர் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தார். வாய்விட்டுச் சொன்ன காரணம் குடும்பத்துக்கு நல்லது என்பது. உள்ளே இருந்த காரணம், தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்காத ஒரு வகுப்பறை வேண்டும் என்பது. கடல் தாண்டி ஒரு ஊரில் தனியார் மொழிப் பள்ளி. ஆங்கிலம் கற்றுக்கொடுக்க ஒரே ஒரு ஆள் தேவை என்று போட்டிருந்தார்கள். நேர்முகம் கணினி வழியாக. சட்டையை அவரே இஸ்திரி போட்டார். கேமரா முகத்துக்கு நேராக வர வேண்டும் என்று கணினிக்குக் கீழே அகராதிகளை அடுக்கினார்.

பள்ளி மேலாளர் ஒரு அம்மாள். திரையில் பளிச்சென்று சிரித்தார். இவர் தன் வழக்கத்தை விடுவாரா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, விசா யார் பெயரில், உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பார்கள், இப்போது எத்தனை ஆசிரியர்கள், போன தடவை வந்தவர் ஏன் போனார் என்று வரிசையாக அடுக்கினார். கேள்விக்குக் கேள்வி அந்த அம்மாளின் சிரிப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. அந்த நேரம் பார்த்து மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அகராதி அடுக்கு சரிந்தது. கணினியை அவள் தாவிப் பிடித்தாள். பிடித்தபடியே திரையைப் பார்த்துச் சிரித்து, மன்னிக்கணும், எங்க வீட்டில் அகராதிகள் கொஞ்சம் அவசரக்காரர்கள் என்று ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் போன் வந்தது. இவருக்கு இடமில்லை என்றார்கள். அதோடு விட்டிருந்தால் போகட்டும் என்று இருந்திருப்பார். உங்கள் பக்கத்தில் இருந்தாரே ஒரு பெண்மணி, அவரும் ஆசிரியையா என்று கேட்டார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றார். அந்த வாரமே அவளுக்கு ஒரு நேர்முகம் வைத்தார்கள். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பேசினாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு வேலை என்றார்கள்.

வீடு கொண்டாடியது. விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் போனில், "அப்பா, அம்மா போகட்டும்பா. நீங்க ஏதாவது சொல்லி கெடுத்துடாதீங்க" என்றாள். போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் மச்சினன் வந்து, "என்ன மாமா, அக்காவ முந்த விட்டுட்டீங்களே" என்று தோளில் தட்டினான். அவர் சிரித்துவைத்தார். காதில் புகை வந்தது மச்சினனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மனைவி மட்டும் கொண்டாடவில்லை. "ஏங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

"எனக்கென்ன? ரொம்ப சந்தோஷம்."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. நீங்கதான் எதையும் தோண்டித் துருவிப் பாப்பீங்க. அந்த எடம் எப்படின்னு நல்லா விசாரிச்சு சொல்லுங்க. நீங்க சரின்னா இங்க எழுதிக் குடுத்துட்டு கெளம்பறேன். இல்லன்னா வேணாம்."

இங்கே வேலையை விட்டுவிட்டால் அவள் இடத்தில் வேறு ஆளை உட்காரவைக்க முதலாளி ஒருநாள்கூட யோசிக்கமாட்டார். போன இடம் சரியில்லை என்றால் திரும்பி வந்து நிற்க இடம் கிடையாது. அவ்வளவு பெரிய முடிவைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். அவரோ கையில் கம்பு கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

விசாரணை ஆரம்பமானது. பள்ளி இருக்கும் தெருவைக் கணினி வரைபடத்தில் வீடு வீடாக நடந்து பார்த்தார். கீழே செருப்புக் கடை, மேலே பள்ளி. மாணவனின் தகப்பன் என்று சொல்லிப் போன் போட்டார். மரியாதையாகப் பேசினார்கள், பாடத்திட்டத்தை விளக்கினார்கள். அந்த ஊரில் பல வருஷமாக நடக்கிற பள்ளி, பெயர் கெட்டதாக எங்கேயும் காணவில்லை. ஒவ்வொரு நல்ல பதிலும் அவருக்கு ஒரு அடி. நல்ல பள்ளிக்கூடமாய்ப் போய்த் தொலைந்ததே என்று நொந்துகொண்டார்.

ஆனாலும் விடவில்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு குறையோடு வந்து உட்கார்ந்தார்.

"லிஃப்ட் கெடையாதாம்."

"இங்க மட்டும் இருக்கா?"

"கிளாஸ்ல ஜன்னல் சின்னதா இருக்கு."

"நான் என்ன ஜன்னலுக்கா பாடம் நடத்தப் போறேன்?"

உருப்படியாக ஒரே ஒரு விஷயம் மாட்டியது. பள்ளி வருஷாவருஷம் ஆசிரியர்களை நிற்கவைத்து ஒரு படம் எடுத்து இணையத்தில் போட்டிருந்தது. அவர் எல்லாப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு படத்தில் இருந்த முகம் அடுத்த படத்தில் இல்லை. நடுவில் நிற்கும் மேலாளரும், ஓரத்தில் இருக்கும் ஒரு பூந்தொட்டியும் மட்டும் மாறவே இல்லை. ஆசிரியர் கூட்டமும் எக்கச்சக்கம். வகுப்பறைகளோ நாலைந்துக்கு மேல் கண்ணில் படவில்லை.

"ஒருத்தர்கூட ரெண்டாவது வருஷம் நிக்கல, பாரு" என்று காட்டினார்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒப்பந்தம் முடிஞ்சா போவாங்கதானே" என்றாள். பிறகு, "ஏங்க, நீங்க விசாரிக்கறது பள்ளிக்கூடத்தையா, என்னையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் ஜன்னலையும் லிஃப்டையும் பிடித்துத் தொங்கியதில், உண்மையான குறை ஒன்று கிடைத்தபோது அதற்கு மதிப்பில்லாமல் போயிருந்தது. பழைய படம் ஒன்றில் நின்ற ஒரு ஆசிரியையைத் தேடிக் கண்டுபிடித்து, உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும் என்று செய்தி அனுப்பிவைத்தார். அங்கிருந்து பதில் இல்லை.

அப்போதுதான் இன்னொரு யோசனை வந்தது. தானே வேலை தேடும் புது ஆளாகப் போன் போட்டால், அவளிடம் சொன்ன நிபந்தனைகளையே தன்னிடமும் சொல்கிறார்களா என்று பார்க்கலாம். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். தன் எண்ணிலிருந்து கூப்பிட்டால் தெரிந்துவிடும் என்று மச்சினன் கடைக்குப் போனார். கழற்றிப் போட்ட போன்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வேறு பெயர் சொல்லிப் பேசினார். புதியவன் என்பதால் பணிவாகப் பேசினார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. நேர்முகத்தில் கேட்ட குரல் என்று கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

மேலாளர் அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "உங்கள் குரலில் ஒரு பொறுமை இருக்கிறது. இத்தனை வருஷமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்."

அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மேலாளர் தொடர்ந்தார். ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. ஒருவருக்குக் கொடுத்தோம், அவர் இன்னும் முடிவு சொல்லாமல் இழுக்கிறார். நீங்கள் இன்றைக்கே வருகிறேன் என்றால் இடம் உங்களுக்கு. அவருக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடுகிறோம்.

அந்த 'ஒருவர்' யார் என்று அவருக்குத் தெரியாதா? இழுப்பது யாருக்காக, யார் வாயிலிருந்து ஒரு சரி வருவதற்காக என்று தெரியாதா? எல்லாம் தெரிந்துதான் வாயைத் திறந்தார்.

"வருகிறேன்" என்றார்.

கடையை விட்டு இறங்கியபோது அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. கொடுத்த பெயர் வேறு என்பதை அப்புறம் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். கடைசியில் ஒருத்திக்காவது தன் அருமை தெரிந்ததே. போன மாதம் இதே குரலைத்தான் அந்த அம்மாள் வேண்டாம் என்றார் என்பது நினைவுக்கு வரத்தான் செய்தது. கணினியில் குரல் சரியாகக் கேட்டிருக்காது என்று சொல்லி அதை அமுக்கிவிட்டார். மனைவிக்கு என்ன சொல்வது? ஒன்றும் சொல்ல வேண்டாம். பள்ளியே அவளுக்கு இடம் இல்லை என்று சொல்லிவிடும். பழி தன் மேல் வராது. அவள் வருத்தப்படுவாள், நாம் ஆறுதல் சொல்லலாம். ஆறுதல் சொல்லப்போவதை நினைத்தபோது அவள்மேல் பாசம்கூடப் பொங்கியது.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது குறை எதுவும் சொல்லவில்லை. அவளே பேச்சை எடுத்தாள். "அந்த ஃபோட்டோ விஷயம் எனக்கும் மனசுல உறுத்திட்டேதாங்க இருக்கு. ஏன் ஒருத்தரும் நிக்கல?"

"ஒப்பந்தம் முடிஞ்சா போவாங்கதானே" என்றார் அவர்.

அவள் தட்டிலிருந்து தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அப்ப எடம் நல்ல எடம்தான்னு சொல்றீங்களா?"

"ஒரு குறையும் இல்ல. அருமையான எடம்."

"சரிங்க. நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இப்படி ஒன்று வரும் என்று அவர் நினைக்கவில்லை. நாளைக்குள் பள்ளியிலிருந்து அவளுக்குப் போன் வந்துவிடும், எழுதிக் கொடுக்க வேண்டியிருக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் அவளுக்குப் போன் வரவில்லை. இவருக்கு வந்தது. காலை வகுப்பு முடிந்து மாணவர்கள் இறங்கிக்கொண்டிருந்த படிக்கட்டில் நின்று எடுத்தார். பழைய படத்தில் இருந்த அந்த ஆசிரியை. நம் மொழி பேசுகிறவர்தான்.

"லேட்டாப் பாத்தேன், மன்னிச்சுக்கங்க சார். யாராச்சும் போறாங்களா அங்க?"

"ஆமாங்க. எப்படி அந்த எடம்?"

அந்த ஆசிரியை சொல்லிக்கொண்டே போனார். ஒரே இடம் என்றுதான் சொல்வார்கள். போய் இறங்கினால் அதே ஒரே இடத்துக்கு ஏழெட்டுப் பேர் வந்து நிற்பார்கள். யார் வகுப்புக்கு மாணவர்கள் சேர்கிறார்களோ அவருக்குப் பாடம். மற்றவர்கள் கடைத்தெருவில் நின்று பள்ளியின் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பாடம் நடத்திய மணி நேரத்துக்குத்தான் சம்பளம். விசா பள்ளியின் பெயரில், அதனால் வேறு எங்கேயும் வேலை பார்க்க முடியாது. பாஸ்போர்ட் 'பத்திரமாக' அலுவலகத்தில் இருக்கும். அந்த ஆசிரியை ஊர் திரும்பி வர நாய் படாத பாடு பட்டிருக்கிறார்.

"படிச்சவங்க நீங்க, எப்படிங்க ஏமாந்தீங்க?" என்று கேட்டார் இவர்.

"பேச்சுலதான் சார். கேள்வி கேக்கறவங்கள அவங்க எடுக்கவே மாட்டாங்க. கேக்காதவங்ககிட்ட ஒரு பாட்டு வச்சிருக்காங்க. உங்க குரல்ல ஒரு பொறுமை இருக்கு, இத்தன வருஷமா நாங்க தேடிட்டிருந்தது அதத்தான், அப்படின்னு. ஒருத்தர் இழுக்கறாரு, இன்னிக்கே சொன்னா எடம் உங்களுக்குன்னு. அங்க போனப்புறம் ஒருநாள் நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். எல்லாருக்கும் அதே பாட்டுதான் சார். ஒரு எழுத்து மாறல."

அவர் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இறங்கிப்போன பிள்ளைகள் "பை சார்" என்றது எதுவும் காதில் ஏறவில்லை. நேற்றிலிருந்து மனதுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே பாராட்டு. அது ஊரில் போவோர் வருவோருக்கெல்லாம் கொடுத்தது என்று ஆகிவிட்டது. அவமானத்தில் கூசிப்போனார். அதற்குப் பிறகுதான் மனைவி ஞாபகம் வந்தது. முதலில் தன்னை நினைத்து, அப்புறம்தான் அவளை நினைத்தார். உள்ளது அதுதான்.

அவள் ஆசிரியர் அறையில் இருந்தாள். அறை என்றால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஓரத்தில் தண்ணீர் கேன். வேலையை விடுவதாக முதலாளிக்கு எழுதிய கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அத குடுக்காத. அந்த எடம் சரியில்ல" என்றார்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"இல்ல, நெஜமா சொல்றேன். அங்க வேல பாத்த டீச்சர் இப்பதான் பேசினாங்க." கேட்டதையெல்லாம் படபடவென்று கொட்டினார்.

அவள் கேட்டுக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "வேலைய விட்டு வந்தவங்க நல்லதா சொல்வாங்களா? நேத்து அருமையான எடம்னீங்க. இன்னிக்கு இப்படி சொல்றீங்க. நான் கெளம்பிடுவேன்னு ஆனதும் உங்களுக்குத் தாங்கல. அவ்வளவுதானே?" குரல் உயரவில்லை. "இத்தன வருஷமா என் கிளாஸ்ல பசங்க சிரிக்கறதே உங்களுக்குப் பொறுக்கல. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முதலாளியின் அறை வராந்தாவின் அந்தக் கோடியில்தான். இனி எந்தச் சத்தியத்தைச் செய்தாலும் அவள் நம்பப்போவதில்லை என்பது அவருக்கு விளங்கியது. நம்பவைக்க ஒரே ஒரு வழி இருந்தது. அதைச் சொல்வதற்குப் பதில் அவளைப் போகவிட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதும் அவருக்கே தன்னைப் பிடிக்காமல் போனது.

"உங்கள் குரலில் ஒரு பொறுமை இருக்கிறது" என்றார், அந்த மேலாளர் சொன்ன அதே ஆங்கிலத்தில். "இத்தனை வருஷமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்."

அவள் கதவுப் பக்கம் போனவள் அப்படியே நின்றாள். திரும்பினாள்.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா தாங்கமாட்டீங்கன்னுதான்."

"அந்த டீச்சர்கிட்டயும் இதத்தான் சொல்லியிருக்காங்க. என்கிட்டயும் சொன்னாங்க. நேத்துதான். உன் தம்பி கடையிலேருந்து வேற பேர்ல போன் பண்ணேன், எப்படிப் பேசறாங்கன்னு பாக்க. ஒரே எடம்தான், ஒருத்தர் இழுக்கறாங்க, இன்னிக்கே வரேன்னா உங்களுக்குத் தரோம்னாங்க."

அவள் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துவது அவள் முகத்தில் தெரிந்தது. இனி அவள் போகமாட்டாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளும் ஆசிரியைதான், பாதியில் நிறுத்தின வாக்கியத்தை முடிக்காமல் விடமாட்டாள்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் தண்ணீர் கேனைப் பார்த்தார்.

"உங்களத்தாங்க கேக்கறேன். என்ன சொன்னீங்க?"

"வரேன்னேன்."

அவள் கடிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். மணி அடித்தது, வகுப்புக்குப் போனாள். அன்றைக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பே கேட்கவில்லை. இந்தப் பக்கத்து மாணவர்கள் அடிக்கடி தடுப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கும் போர்டில் எழுத ஓடவில்லை. எத்தனையோ வருஷமாக அடக்க நினைத்த சத்தம் அடங்கிவிட்டது, அது அவர் நெஞ்சைப் போட்டு அழுத்தியது.

வீட்டில் பல நாள் "சாப்பாடு வச்சிருக்கு", "கதவப் பூட்டுங்க" என்பதோடு பேச்சு நின்றது. மச்சினன் வந்தால் அவனிடம் பேசுவாள், மகளோடு போனில் பேசுவாள், அவர் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டாள். அவர் அதை வாங்கிக்கொண்டார். வாதாட அவருக்கு என்ன இருந்தது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள். "உங்க குரல்ல பொறுமை இருக்குன்னு அந்தம்மா சொன்னப்ப, நெஜமாவே நம்பிட்டீங்களா?"

"நம்பிட்டேன்."

"உங்களுக்கு? பொறுமை?" என்றாள். உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. மடித்த துணி மேலேயே சாய்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவர் அசடு வழிய நின்றார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும்தான் நம்பினேன்" என்றாள்.

அதற்கப்புறம் தெரிந்தவர் ஒருவர் வெளிநாடு கிளம்பியபோது, இவர் தாமாகவே போய் இன்னொரு ஆளை விட்டுப் போன் போடச் சொன்னார். அந்தப் பள்ளியும் அதே பாட்டைப் பாடியது. பயணம் நின்றது. செய்தி பரவி, கடைசி வகுப்பறைக்கு வெளியே ஆட்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள். வருகிறவர்கள் அவரை மகா நல்ல மனிதர் என்றார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அது கேட்கும். அவள் இருமுவாள்.

அடுத்த வருஷம் அவளுக்கு மறுபடியும் ஒரு பள்ளி அமைந்தது. வேறு நாடு. நேர்முகத்தில் இந்த முறை அவள் கேள்வி கேட்டாள், அவர் எழுதிக் கொடுத்த கேள்விகளையே கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

"விசாரிச்சு சொல்லுங்க. நீங்க சரின்னா போறேன்" என்றாள் அவள். போன முறை சொன்ன அதே வார்த்தைகள். அதை அவள் மறுபடியும் தன்னிடம் சொன்னதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

அவர் ஒன்று விடாமல் விசாரித்தார். ஆசிரியர்களின் படங்களை அடுக்கிப் பார்த்தார். அதே முகங்கள் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நரைத்துக்கொண்டு நின்றன. அங்கே வேலை பார்க்கிறவர்கள், பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று எல்லாரிடமும் பேசினார். கடைசியாக மச்சினன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, வேலை தேடும் ஆளாகப் போன் போட்டார். வீட்டுக்கு வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். "என்ன சொன்னாங்க?"

"எடம் இல்லன்னுட்டாங்க. ஒருத்தரத் தேர்ந்தெடுத்துட்டாங்களாம். அவங்க யோசிக்க டைம் கேட்டிருக்காங்களாம். அவங்க பதில் சொல்ற வரைக்கும் வேற யாரையும் பாக்கறதா இல்லையாம். நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன். என் அனுபவத்தையெல்லாம் சொன்னேன். அடுத்த வருஷம் பாக்கலாம்னு போன வச்சுட்டாங்க."

"வேற பேர்லதானே பேசினீங்க? சும்மா பரிசோதனைக்குத்தானே?"

"பரிசோதனைக்குத்தான்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எரியுதா?"

மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவர் தலையை ஆட்டினார். "எரியுது. நல்லாவே எரியுது."

"அப்ப நல்ல எடம்தாங்க" என்றாள் அவள். அன்றைக்கே வருகிறேன் என்று பதில் அனுப்பினாள்.